ஊமைச் சக்கரம்

அத்தியாயம் ஏழு

செஞ்சிக் கடைத்தெருவில் வேதநாயகியின் வாடகை சைக்கிள் கடைக்கு இரண்டு தொழில்கள் உண்டு. சைக்கிள் வாடகைக்கு விடுவது ஒன்று. காணாமல் போன ஆடு, ஓடிப்போன மாப்பிள்ளை, யார் எடுத்தது என்று தெரியாத நகை, இவற்றையெல்லாம் தேடிக் கொடுப்பது இன்னொன்று. முதல் தொழிலுக்குக் கடை வாசலில் பலகை தொங்கியது. இரண்டாவது தொழிலுக்குப் பலகை தேவைப்படவில்லை. அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

இரண்டுக்கும் ஒரே உதவியாள் காஸ்பர். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவன். ஒரு பெரிய மனிதர் சில்லறை கேட்டபோது, உங்களிடமே நிறைய சில்லறைப் புத்தி இருக்கிறதே என்று பதில் சொல்லி வேலையைத் தொலைத்தவன். அன்றிலிருந்து பஞ்சர் ஒட்டுகிறான், துப்பும் துலக்குகிறான். வாய் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

1966 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் கோட்டைப் பாறையில் பட்டுத் தெருவெல்லாம் அடுப்படி மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. கடைப் பலகையில் சவரியம்மாள் காலித் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் புருஷனுக்குச் சோறு கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள்.

அவள் புருஷன் பாக்கியசாமி, வேர்க்கடலை வாங்கி விற்கும் கந்தசாமியின் மல்லாட்டை மண்டியில் வண்டிக்காரன். வியாழக்கிழமை காலையில் அனந்தபுரத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போனான். இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது ஏரிக்கரைப் புளியமரத்தடியில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட இறங்கினான். மாட்டை ஓட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தால் வண்டி இல்லை. மண்டி முதலாளியின் தாயார் ஞானம்பாள் அன்றைக்கே போலீசுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். வண்டியை விற்றுத் தின்றுவிட்டு இந்த ஆள் கதை சொல்லுகிறான் என்று புகார். சனிக்கிழமை பாக்கியசாமியை உள்ளே வைத்தார்கள். திங்கட்கிழமை, அதாவது நாளைக் காலை, திண்டிவனம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

சவரியம்மாள் அழுது முடித்திருந்தாள். இப்போது பேச்சு மட்டும்தான் மிச்சம்.

"அக்கா, அவரு ஜெயிலுக்குப் போனாக்கூட நான் தாங்கிக்குவேன். திரும்பி வந்தா எந்த மண்டிக்காரன் அவரு கையில மாட்டுக் கயித்தக் குடுப்பான்? திருடன்னு ஒருக்கா கோர்ட்டு படி ஏறிட்டா அவ்ளோதான."

வேதநாயகி வெற்றிலையை மென்றபடி தலையாட்டினாள்.

அந்த வண்டியைக் கண்டுபிடிப்பது சுலபம் என்றுதான் காஸ்பர் முதலில் நினைத்தான். ஏனென்றால் அதைக் கண்ணால் தேட வேண்டியதில்லை, காதால் தேடினால் போதும். மாட்டு வண்டியில் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்கும், அது கழன்று விழாமல் இருசு என்கிற அச்சின் நுனியில் செருகியிருக்கும் கடையாணிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுவிடுவார்கள். சக்கரம் உருளும்போது குடம் அந்த இடைவெளியில் இப்படியும் அப்படியும் போய் முட்டும். அந்தச் சத்தம்தான் வண்டிக்குக் குரல். ஒரு வண்டியின் குரல் இன்னொன்றுக்கு வராது. அதிலும் ஞானம்பாள் தளவானூரிலிருந்து கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டார் கொடுத்த அந்தப் பழைய வண்டி, லொடக், லொடக் என்று இரண்டு தரம் முட்டிவிட்டு, ஹும் என்று ஒரு முனகல் முனகும். செஞ்சியில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட அந்த முனகல் தெரியும்.

ஆகவே காஸ்பர் இரண்டு நாளாக மண்டகப்பட்டு ரோட்டிலும் தளவானூர்ப் பிரிவிலும் நின்று, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் காது கொடுத்தான். எல்லா வண்டியும் சத்தம் போட்டது. எதுவும் முனகவில்லை. கடைசியில் முனகியது காஸ்பர்தான், கால் வலியால்.

வேதநாயகி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"எனக்கு இந்தத் திருடனே புரியல காஸ்பரு. மாடு பக்கத்துலயே இருக்குது, அத விட்டுட்டு வண்டிய மட்டும் எடுத்திருக்கான். மூட்டையோட போறப்ப தொடல. காலியா வர்றப்ப எடுத்திருக்கான். இவ்ளோ நல்ல திருடன நான் பாத்ததே இல்ல."

"வர்ற தேர்தல்ல நிக்கச் சொல்லுக்கா. என் ஓட்டு அவனுக்குத்தான்."

சவரியம்மாள் முறைத்தாள். காஸ்பர் வாயை மூடிக்கொண்டு ஒரு டியூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கினான்.

அப்போதுதான் தெருக்கோடியில் தம்பட்டம் கேட்டது. நாளைக்கு அந்தோணியார் திருவிழா. கோயிலுக்குப் புதிதாகச் சப்பரம் செய்திருந்தார்கள். இன்றைக்கு அதற்கு வெள்ளோட்டம். மூங்கிலும் பலகையுமாக ஒரு ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, அடியில் சுற்றிலும் சிவப்புத் துணி தொங்க, இருபது பேர் வடம் பிடிக்க, சப்பரம் ஆடி ஆடி வந்தது. சுரூபம் என்கிற சாமி சிலை நாளைக்குத்தான் ஏறும். இன்றைக்கு அந்தோணியார் இடத்தில் எடைக்காக மணல் மூட்டை உட்கார்ந்திருந்தது. காஸ்பர் பழக்க தோஷத்தில் மணல் மூட்டைக்குச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"தொலைஞ்ச பொருளக் கண்டுபிடிச்சுக் குடுக்கற சாமிக்கா இவரு. நம்ம தொழிலுக்குப் போட்டி. அதுவும் காசு வாங்காம பண்றாரு" என்றான்.

வேதநாயகி மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். அவள் மெல்லுவதை நிறுத்தினால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். காஸ்பர் டியூபைத் தொட்டியிலேயே விட்டான்.

"அந்த சப்பரத்துக்கு எத்தினி சக்கரம்டா?"

"நாலு."

"எத்தினி பேசுது?"

காஸ்பர் காது கொடுத்தான். தம்பட்டத்துக்கு நடுவே முன் சக்கரங்கள் இரண்டும் கடகடவென்று வாயாடிக்கொண்டு வந்தன. பின் சக்கரங்கள் உருண்டன. ஆனால் ஒரு சத்தமும் இல்லை. ஏதோ துக்க வீட்டுக்குப் போகிறவை மாதிரி வாயைத் திறக்காமல் வந்தன.

செஞ்சிச் சீமையில் சத்தம் போடாத மாட்டு வண்டிச் சக்கரத்தை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அப்படி ஒன்று வந்தால் சக்கரத்துக்கு உடம்பு சரியில்லை என்றுதான் நினைப்பார்கள்.

"ரெண்டு நாளா சத்தத்தத் தேடிக்கினு இருந்தோம். எடுத்தவனுக்கும் அந்தச் சத்தம் தெரியும். அதனால வாயக் கட்டிட்டான்" என்றாள் வேதநாயகி.

அவள் எழுந்து, வடம் பிடிக்கிறவர்களுக்கு மோர் கொடுப்பதாக அறிவித்தாள். வேதநாயகி எதையாவது சும்மா கொடுக்கிறாள் என்பதே பெரிய செய்தி. இருபது பேரும் வடத்தைப் போட்டுவிட்டுக் கடை முன்னால் குவிந்தார்கள். கோயில் நாட்டாண்மை மதலைமுத்து மட்டும் சப்பரத்தை விட்டு நகரவில்லை. முறுக்கிய மீசையும் வெளுத்த சட்டையுமாகச் சிவப்புத் துணிக்குக் காவல் நின்றார். வேதநாயகியே ஒரு செம்பை எடுத்துக்கொண்டு போய், திருவிழா ஏற்பாட்டையெல்லாம் ஒன்று விடாமல் விசாரித்தாள். அவர் பெருமையாகப் பதில் சொல்லத் திரும்பிய நேரம் பார்த்துக் காஸ்பர் சப்பரத்துக்கு அடியில் நுழைந்தான்.

உள்ளே வெளிச்சம் சிவப்பாக இருந்தது. முன் இருசு வேறு, பின் இருசு வேறு என்று பார்த்ததுமே தெரிந்தது. பின்னால் இருந்தது நாட்பட்ட இரும்பு, மசி ஏறிக் கறுத்துப் பளபளத்தது. குடத்தின் வாயில் மரம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. குடத்துக்கும் கடையாணிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியைக் காணோம். அங்கே கறுப்பு ரப்பரை வளையம் வளையமாகச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. குடம் அசைய வழியில்லை. அசையாத குடம் எப்படி முட்டும், எப்படி முனகும்?

காஸ்பர் ஒரு சுற்றை நகத்தால் பிரித்தான். சைக்கிள் டியூப். அதில் ஒரு பஞ்சர் ஒட்டு இருந்தது. அந்த ஒட்டைப் பார்த்ததும் அவன் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டான்.

ஊரில் எல்லோரும் ஒட்டுத் துண்டை வட்டமாக வெட்டுவார்கள். சீட்டாட்டப் பிரியனான காஸ்பர் மட்டும் இஸ்பேட் வடிவத்தில் வெட்டுவான். ரப்பர் வீணாகிறது என்று வேதநாயகி வாரம் ஒருமுறை திட்டுவாள். அவன் கேட்டதில்லை. தென்னாற்காடு ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டாலும் இஸ்பேட் ஒட்டு ஒட்டுகிறவன் அவன் ஒருவன்தான். உதவாத பழைய டியூப்களைப் போன வாரம் அவன் கையாலேயே வாரிக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது. மூட்டை கட்ட வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டார். கூலியாளை அனுப்பாமல் தானே நடந்து வந்து கேட்கிறாரே, எவ்வளவு எளிமையான மனிதர் என்று வியந்துதான் கொடுத்தான்.

அவன் மசி அப்பிய முகத்தோடு வெளியே வந்து வேதநாயகியின் காதோரம் குனிந்தான்.

"திருட்டுக்கு ஒத்தாச பண்ணவன் கெடச்சிட்டான்க்கா."

"யாரு?"

"நான்தான்."

மிச்சத்தையும் சொன்னான். டியூப் கேட்டு வந்தவர் பெயரைச் சொன்னபோது வேதநாயகி வெற்றிலையைத் துப்பிவிட்டு, சிரிக்கவே ஆரம்பித்துவிட்டாள். மாட்டை விட்டு, மூட்டையை விட்டு, காலி வண்டியை மட்டும் எடுக்கிற திருடன் யார் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. மாடும் மூட்டையும் யாருக்கு நஷ்டமோ அவன்தான்.

மதலைமுத்துவிடம் அவள் நேராகவே கேட்டாள். அந்த மனிதரின் மீசை தளர்ந்துபோனது. பின் இருசும் சக்கரமும் ஒருவர் நேர்ந்துகொண்டு கொடுத்தது என்று ஒப்புக்கொண்டார். பெயரைத் திருவிழா முடிந்து கொடி இறங்கும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று சுரூபத்தின் காலடியில் தன்னிடம் சத்தியம் வாங்கியிருப்பதாகவும், பாக்கியசாமியை உள்ளே வைத்த சேதி தெரிந்ததிலிருந்து தனக்குச் சோறு இறங்கவில்லை என்றும் சொன்னார். கொடி இறங்குவது நாளை மறுநாள். கோர்ட்டு நாளைக்கு.

"நீங்க சொல்ல வேணாம். அந்தச் சக்கரம் சொல்லட்டும்" என்றாள் வேதநாயகி.

மதலைமுத்து கொஞ்ச நேரம் யோசித்தார். சத்தியம் செய்தது அவர்தான், சக்கரம் ஒன்றும் செய்யவில்லையே. அவர் மடியிலிருந்து பேனாக் கத்தியை எடுத்துக் காஸ்பரிடம் நீட்டிவிட்டு, வானத்தில் மழைக்கு அறிகுறி இருக்கிறதா என்று மிகவும் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

மோர் தீர்ந்தது. வடம் மறுபடி நிமிர்ந்தது. சப்பரம் நகர்ந்தது.

லொடக், லொடக், ஹும்.

எண்ணெய்க் கடைக்காரர் அளந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். டீக்கடையில் நாலு பேர் ஒன்றாகத் தலையைத் திருப்பினார்கள். பாக்கியசாமியை விட்டுட்டாங்களா என்று யாரோ உள்ளேயிருந்து கேட்டார். சவரியம்மாள் தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். தினமும் சாயங்காலம் அந்த முனகலைக் கேட்டுத்தான் அவள் உலை வைப்பாள். மூன்று நாளாக அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் இருந்தவள். அவள் ஓட்டமும் நடையுமாகச் சப்பரத்தின் பின்னால் போனாள். காஸ்பர் அவளைப் பார்க்காமல் மணல் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

மண்டி வாசலுக்குச் சப்பரம் வரும் முன்பே ஞானம்பாள் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். ஒடிசலான கிழவி. குரலுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே கிடையாது.

"இது எங்க வண்டி" என்றாள்.

துணியைத் தூக்கச் சொன்னாள். பார்த்தாள். அடுத்த நிமிஷம் தெருவே கலகலத்தது. கோயில்காரர்கள் திருட்டுச் சாமானில் சாமியை ஏற்றுகிறார்களா என்று அவள் கேட்க, வடம் பிடித்தவர்கள் முறுக்கிக்கொள்ள, யாரோ போலீசைக் கூப்பிட ஓட, இன்னும் ஒரு பேச்சு தடித்திருந்தால் நாளைத் திருவிழா நடந்திருக்காது. இத்தனை அமளியிலும் மண்டிக்குள் ஒரு ஆள் மட்டும் பெரிய தராசுக்குப் பின்னால் இருந்து, ஓசைப்படாமல் கொல்லைப்புறக் கதவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். காஸ்பர் அந்தக் கதவில் சாய்ந்து நின்றான்.

"இன்னா மொதலாளி, டியூப்பு பத்திச்சா? இன்னும் வேணுமா?"

கந்தசாமி அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

வேதநாயகி ஞானம்பாளுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னாள். மூட்டை நஷ்டமாகக் கூடாது, மாடு நஷ்டமாகக் கூடாது, ஊருக்குச் சத்தம் தெரியக் கூடாது என்று நினைத்து வண்டியை எடுத்தவன் வெளியாளாக இருக்க முடியாது என்றாள். பிறகு கந்தசாமியைப் பார்த்தாள். தெரு முழுக்க அவரைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அவர் வாயைத் திறந்தார்.

தை மாசம் ஞானம்பாள் டைபாய்டில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். டாக்டர்கள் கைவிட்ட நாளில், அங்கே இருந்த ஒரு கன்னியாஸ்திரி சொன்னாள் என்று கந்தசாமி அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டார். அம்மா பிழைத்தால், செஞ்சியில் கட்டுகிற சப்பரத்துக்கு இருசும் சக்கரமும் தருவதாக நேர்ந்தார். அம்மா பிழைத்தாள். பிழைத்தவள் சும்மா இருந்தாளா? காப்பாற்றியது பச்சையம்மன்தான் என்று ஊரைக் கூட்டிப் பொங்கல் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் போய் அந்தோணியார் பெயரை எடுக்கிற தைரியம் கந்தசாமிக்கு இல்லை. வண்டி தானாகத் தொலைந்துபோனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று கணக்குப் போட்டார். மதலைமுத்துவின் ஆட்களை விட்டே எடுக்கச் சொன்னார். அம்மா போலீசுக்குப் போவாள் என்று எதிர்பார்க்கவில்லை. போன பிறகு, இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று வாய் வராமலே மூன்று நாள் போய்விட்டது.

கிழவி இப்போது சப்பரத்தைப் பிரித்துப் போடப் போகிறாள் என்றுதான் காஸ்பர் நினைத்தான். மதலைமுத்துவும் அப்படி நினைத்து ஒரு கையால் சப்பரக் காலைப் பிடித்துக்கொண்டார்.

ஞானம்பாள் மகனிடம் போனாள்.

"மேல்வண்டி எங்கடா?"

"குடோன்ல... மல்லாட்டை மூட்டைக்கு அடியில."

"அதுக்கு எந்தச் சக்கரம் போடப் போற?"

"பட்டறையில புதுசு சொல்லி, வந்தாச்சும்மா."

"அப்ப புதுசு உனக்கு, பழசு சாமிக்கா? என் உசுரக் காப்பாத்துனதுக்கு, தேஞ்சுபோன சக்கரத்தயா குடுத்த?"

கிழவி போட்ட சத்தத்தில் தம்பட்டக்காரன் தம்பட்டத்தைக் கீழே வைத்துவிட்டான். எந்தச் சாமி காப்பாற்றியது என்பதெல்லாம் இப்போது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தன் உயிருக்கு மகன் இவ்வளவு சிக்கனம் பார்த்தான் என்பதுதான் பொறுக்கவில்லை. பச்சையம்மன் பார்த்தாலும் சிரிப்பாள், அந்தோணியார் பார்த்தாலும் சிரிப்பார் என்று தெருவே கேட்கும்படி சொன்னாள். புதுச் சக்கரம் உடனே சப்பரத்துக்கு வர வேண்டும், தன் பிறந்த வீட்டுச் சக்கரம் தன் வண்டிக்கே திரும்ப வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். நேர்ந்து கொடுத்ததை மாற்றலாமா என்று மதலைமுத்து தயங்கினார்.

"தொலஞ்ச பொருளக் கண்டுபிடிச்சுக் குடுக்கறவரு, அத அவரே வச்சிக்கினா நல்லாவா இருக்கும்?" என்றான் காஸ்பர். மதலைமுத்து சப்பரக் காலை விட்டு விலகி நின்றார்.

வடம் பிடித்தவர்கள் சப்பரத்தின் பின்பக்கத்தைத் தோள் கொடுத்துத் தூக்க, அடியில் கட்டைகளை அடுக்கினார்கள். காஸ்பர் மறுபடி உள்ளே போய் இருசைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். பழைய இருசு இரண்டு சக்கரத்தோடும் உருண்டு வெளியே வந்து, தெருப் புழுதியில் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. குடோனிலிருந்து புது இருசையும் சக்கரங்களையும் கந்தசாமியே தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய வேட்டி கறுப்பானது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

ஞானம்பாள் ஸ்டேஷனுக்குத் தானே நடந்து போனாள். அங்கே என்ன பேசினாளோ தெரியாது. சப்-இன்ஸ்பெக்டர் வாசல்வரை வந்து பாக்கியசாமியை வழியனுப்பினார் என்று மட்டும் பிறகு தெரிந்தது.

பாக்கியசாமி மண்டிக்கு வரும்போது வெயில் இறங்கியிருந்தது. மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை. வந்தவன் நேராகப் பழைய சக்கரத்திடம் போய், உட்கார்ந்து, கடையாணியைத் தொட்டுப் பார்த்தான். குடத்தை ஒருமுறை அசைத்துக் கேட்டான். பிறகுதான் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தான். கந்தசாமி அடி வாங்கியாவது தீர்த்துவிடலாம் என்கிற முகத்தோடு நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே ஓட்டிக்கினு போயி கோயில்ல விட்டிருப்பேனே மொதலாளி" என்றான் பாக்கியசாமி.

அவன் திட்டியிருந்தால் கந்தசாமி தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதார்.

சவரியம்மாள் புருஷனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவரு விட்டுட்டாரு. நான் விடல. அவரு திருடன் இல்லன்னு இந்தத் தெருவுல நின்னு சொல்லுங்க."

கந்தசாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். காதில் விழவில்லை என்றாள் சவரியம்மாள். கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். எனக்கே விழலடா என்றாள் ஞானம்பாள், மண்டி வாசலிலிருந்து.

மூன்றாவது தடவை அவர் சொன்னபோது டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். பாக்கியசாமி திருடன் இல்லை என்பது கடைத்தெருக் கோடிவரை கேட்டது.